அம்மாவின் கைக்கு அனுமதியில்லை

படித்த பெண்ணைப் பேசாமல் இருக்கச் செய்வது கடினம். அவள் தன் குடும்பத்திலேயே முதன்முதலாகப் படித்தவள் என்றால் அந்த முயற்சியைக் கைவிட்டுவிடுவது எல்லோருக்கும் நல்லது. யாரையும் குற்றஞ்சாட்டிச் சொல்லவில்லை. நான் என்னைத்தான் சொல்கிறேன்.

எங்கள் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா அதற்கும் முன்பே. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து, மறுபடி இடம்பெயர்ந்து, கடைசியில் லண்டனில் கோலியர்ஸ் வுட் வரை வந்து சேர்ந்த குடும்பம். (பள்ளிக்கூடமும் அவர்களுக்கு முன்னால் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. துரத்திப் பிடிக்க முடியவில்லையாம்.) அந்தக் குடும்பத்தில் பிறந்த நான் மருந்தாளர் ஆனேன். அதாவது, பார்மசியில் வெள்ளை மேலங்கியோடு நின்று, மருத்துவர் எழுதியதைச் சரிபார்த்து மருந்து கொடுப்பவள். அதை நான் எவ்வளவு அடக்கமாக எடுத்துக்கொண்டேன் என்பதற்கு ஒரு சான்று: எங்கள் வீட்டு மின்சாரக் கட்டணம் என் பெயரில் வரத் தொடங்கியபோது, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போடும்படி அவர்களிடம் கேட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதலாவது இலையுதிர் காலத்தில் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடும் பயிற்சியும் முடித்தேன். இங்கே மருந்தாளர் தடுப்பூசி போடலாம், ஆனால் தன் இஷ்டத்துக்குப் போட முடியாது. ஒரு மருத்துவர் கையெழுத்திட்ட எழுத்துமூல ஆணை வேண்டும். எந்த ஊசி, எந்த வயதினருக்கு, எந்த நோய் உள்ளவர்களுக்கு, யாருக்குப் போடவே கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். போடுகிறவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அந்த எல்லைக்கு வெளியே ஒரு கையைத் தொட்டாலும் அது சட்டமீறல்.

இதை வீட்டில் சொல்லும்போது கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன்: "இனி ஊசி போட டாக்குத்தர் தேவையில்லை அம்மா, நானே காணும், நான் ஒருத்தியே போதும்."

அம்மா அதை ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் இன்னும் சுருக்கினார். மகள் டாக்குத்தருக்கு மேலேயாம். டாக்குத்தர்மார் பிழைவிட்டால் இவள்தான் திருத்துவாளாம். அடுத்த வாரம் முதல் அந்தப் பார்மசியில் ஊசி எல்லாம் இவள் பொறுப்பாம். நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுக்கவில்லை. (ஏன் மறுக்க வேண்டும்? நல்லாத்தானே இருந்தது.)

உண்மையில் ஒரு படி மிச்சமிருந்தது. ஆணையில் என் பெயர் தற்காலிகமாகவே இருந்தது. ஒரு மருத்துவர் வந்து, நான் சிலருக்கு ஊசி போடுவதை நேரில் பார்த்து, திருப்தி என்று சொன்னால்தான் தனியாகப் போட முடியும். சனிக்கிழமை காலை அவர் வருவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை தடுப்பூசி முகாம் தொடங்குகிறது. நான் தேறாவிட்டால் அடுத்த கிளையிலிருந்து கெவின் வருவான். கெவின் என்னோடு படித்தவன், எல்லாப் பரீட்சையிலும் எனக்குப் பின்னால் நின்றவன். அவன் என் அறையில், என் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் கோவில் சனத்துக்கு ஊசி போடுவதை நினைக்கவே எனக்கு உடம்பு கூசியது.

பிரச்சினை, சனிக்கிழமைக்கு ஆளில்லை. பதிவு செய்தவர்கள் எல்லோரும் திங்களுக்குப் பிறகு. கடை உரிமையாளர், தெரிந்தவர்கள் இருந்தால் கூட்டிவரச் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். அம்மாவிடம் சொல்வது என்றால் கோவிலில் மணி அடிப்பது மாதிரி.

சனிக்கிழமை காலை, அம்மா ஜெபமாலைக் குழுவை முழுதாகக் கூட்டிவந்தார். ஒக்டோபர் ஜெபமாலை மாதம் என்பதால் எல்லோரும் ஏற்கெனவே கூடிச் செபம் சொல்லி, சூடாகத்தான் இருந்தார்கள். ரீட்டா அன்ரி புதுச் சேலை. சூசை அங்கிள் கோட்டு. கடையில் இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர், ஏதோ கலியாணம் என்று நினைத்து வெளியே போய்விட்டார்.

மருத்துவர் ஃபியோனா அமைதியான ஸ்கொட்லாந்துப் பெண்மணி. பழைய கம்பளிச் சட்டையோடு வந்து, ஊசி போடும் சிற்றறையின் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தான் பார்க்க மட்டும்தான் வந்ததாகவும் தன்னை மறந்துவிடும்படியும் சொன்னார். அறைக் கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். நான் காற்றோட்டம் பற்றி ஏதோ சொன்னேன். காற்றோட்டம் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தினால் என்னை யார் பார்ப்பது?

அத்தோடு நின்றிருக்கலாம். நான் கதவருகே நின்று, கூடியிருந்த சனத்துக்கு ஒரு விளக்கவுரை நிகழ்த்தினேன். சட்டத்தைக் காலையில்தான் மறுபடி மனப்பாடம் செய்திருந்தேன், வீணாகப் போகக்கூடாதல்லவா? மருத்துவரின் எழுத்துமூல ஆணை என்றால் என்ன, அதில் என் பெயர் எப்படி இருக்கிறது, இன்று நான் எப்படி மருத்துவரின் மேற்பார்வையில் செய்கிறேன், பிழை ஏதும் விட்டால் அவர் எப்படி உடனே நிறுத்துவார் என்று எல்லாம் சுத்தத் தமிழில், நிறுத்தி நிறுத்தி.

முடித்துவிட்டு, "முதல்ல ஆர் வாறீங்கள்?" என்று கேட்டேன்.

எல்லோரும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்கள்.

ரீட்டா அன்ரிதான் மெல்ல வாய் திறந்தார். "பிள்ளை, குறை நினையாதை. நான் கார் ஓடப் பழகேக்க பழக்கிறவர் பக்கத்திலதான் இருந்தவர். எண்டாலும் நான் கொண்டுபோய் மதிலில இடிச்சனான். பிறகுதான் அவர் பிரேக்கை அமத்தினவர்."

"அன்ரி, இது கார் இல்லை."

"ஓம், கார் எண்டால் திருத்தலாம். இது என்ர கை."

குழுவில் பெரிய தலையசைப்பு. நான் படித்ததையெல்லாம் திரட்டிச் சொன்ன சட்டத்திலிருந்து அவர்கள் ஒரேயொரு செய்தியைத்தான் எடுத்திருந்தார்கள்: இந்தப் பிள்ளை இன்னும் பழகுகிறாள். அது முழு உண்மை என்பதுதான் எரிச்சல்.

சூசை அங்கிள் நடைமுறை மனிதர். கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் என்னைத் தாண்டிப் போய் மருத்துவர் ஃபியோனாவின் முன்னால் தோளைக் காட்டிக்கொண்டு நின்றார். டாக்குத்தர் சும்மாதானே இருக்கிறா, அவவே போட்டுவிடட்டும் என்பது அவர் வாதம். மருத்துவர் சிரித்துக்கொண்டே, இன்று தான் ஊசி போட வரவில்லை, கவனிக்க மட்டுமே வந்ததாகச் சொன்னார். அங்கிள் திரும்பி வெளியே இருந்தவர்களுக்கு மொழிபெயர்த்தார்.

"இவவும் போடமாட்டாவாம்."

இப்போது சந்தேகம் ஊசியிலேயே வந்துவிட்டது. இரண்டு பேர் கைப்பையை எடுத்துக்கொண்டார்கள். மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அது இன்னும் மோசம். எனக்குக் கெவின் என் நாற்காலியை உயரம் சரிசெய்வது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது அம்மா எழும்பினார். அவருடைய முகம் நான் சிறுவயதில் ஒரு தடவை பாடசாலையில் பார்த்த முகம். என்னை ஆசிரியை ஏதோ சொன்னபோது, ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமல் அந்த ஆசிரியையிடம் நேராக நடந்து போன முகம்.

"விலகுங்கோ. என்ர பிள்ளைக்கு நான் கை குடுக்கிறன்."

வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டினார். கடை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல தருணம் வரப்போவதில்லை. அந்தத் தருணத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டத்தைப் பார்த்தேன்.

இந்த இலவச ஊசி அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அல்லது குறிப்பிட்ட நோய்கள் உள்ளவர்களுக்கு. அம்மாவுக்கு அறுபது கூட ஆகவில்லை.

"அம்மா, உங்களுக்குப் போட ஏலாது."

"ஏன் ஏலாது?"

"வயசு காணாது."

"காசு குடுக்கிறன்."

"காசுக்குப் போடுற ஊசிக்கு வேற ஆணை. அதில என்ர பேர் இல்லை."

பின்னாலிருந்து ரீட்டா அன்ரியின் குரல், தாழ்வாகத்தான், ஆனால் கடைசி அலுமாரி வரை கேட்டது: "பெத்த தாய்க்கே போடப் பயப்பிடுறாள், பாருங்கோ."

என்ன நடக்கிறது என்று மருத்துவர் கேட்டார். விளக்கினேன். மிகச் சரியான முடிவு என்று ஏதோ குறித்துக்கொண்டார். அம்மாவைத் தவிர அன்று காலை என்னை நம்பிய ஒரே ஆள் அவர்தான். நம்பும்படி நான் செய்த ஒரே காரியம் அம்மாவை அவமானப்படுத்தியது.

கடைசி முயற்சியாக, வேறு காரணம் ஏதும் இருந்தால் போடலாம் என்று சொல்லி, நோய்களை உரத்து வாசித்தேன். இதய வருத்தம், சுவாச வருத்தம், சிறுநீரகம், நீரிழிவு.

அம்மா தரையைப் பார்த்தார். "சீனி வருத்தம் எண்டால் காணுமோ?"

"காணும். ஆனா உங்களுக்கு இல்லைத்தானே."

"இருக்கு."

கைப்பையைத் திறந்து, ஜெபமாலைப் பைக்குக் கீழே இருந்த நீரிழிவுக் குளிசைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அம்மாவின் பெயர். வெம்பிளியில் உள்ள ஒரு பார்மசியின் முகவரி. நாங்கள் இருப்பது லண்டனின் தெற்கில். வெம்பிளி வடமேற்கில். மாதாமாதம் "சேலைக் கடைக்குப் போட்டு வாறன்" என்று ரயில் மாறிப் போன பயணங்களுக்கு, ஒரு சேலையும் வீட்டுக்கு வராததை இத்தனை காலமும் ஒருவரும் கவனிக்கவில்லை. முக்கியமாக, வீட்டிலிருந்த மருந்தாளர் கவனிக்கவில்லை. என் இறுதியாண்டு ஆய்வு நீரிழிவு பற்றியது. (சிரிக்கலாம். எல்லாரும் சிரிச்சாச்சு.)

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ அப்ப சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தனி. குழப்பக்கூடாது எண்டு விட்டிட்டன். பிறகு நீ பாமசிக்காரி ஆகிட்டாய். பிறகு எப்பிடிச் சொல்லுறது? எனக்குப் பாடம் எடுப்பாய்."

எடுத்திருப்பேன். படம் போட்டு எடுத்திருப்பேன்.

அவருடைய சம்மதத்தோடு கணினியிலும் பார்த்து உறுதிசெய்தேன். கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்டேன். ஊசி போட்டேன். அம்மா பாதி "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. செபத்தை நிறுத்தி, "அவ்வளவுதானோ?" என்றார். ஏமாற்றம் மாதிரி இருந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கோவிலில் கல்லுப்போல உடம்பு என்று பேரெடுத்தவர் அம்மா. அவரே சபையில் சீனி என்று ஒத்துக்கொண்ட பிறகு, மற்றவர்கள் மறைத்து என்ன பயன்? ரீட்டா அன்ரி எழும்பி, தனக்கும் சீனிதான், அம்மாவைவிடப் பழைய சீனி என்றார். வயதே போதும் அன்ரி, நோய் தேவையில்லை என்று சொன்னேன். கேட்டால்தானே? சூசை அங்கிள் தன் இதயத்தில் வைத்திருக்கும் கருவியின் கதையைத் தொடங்கினார். ஒருவர் பிரஷரைச் சொன்னார், இன்னொருவர் அதை இருமடங்காகச் சொன்னார். பாதிரியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர்கள் இவ்வளவு தாராளமாகப் பேசியிருக்க மாட்டார்கள். நான் கதவடியில் நின்று, நல்ல தொகுப்பாளினி மாதிரி, ஒவ்வொருவரிடமும் "வேற ஏதும் வருத்தம் இருக்கோ?" என்று கடைக்கே கேட்கும்படி கேட்டு, ஒவ்வொருவராக உள்ளே எடுத்தேன். எல்லோரும் கை தந்தார்கள். ஒருவருக்கும் வலிக்கவில்லை. நான் உள்ளுக்குள் பறந்துகொண்டிருந்தேன்.

கடைசி ஆளும் போன பிறகு மருத்துவர் ஃபியோனா எழும்பி, கதவைச் சாத்தினார்.

என் கை மிக நன்றாக இருக்கிறதாம். சட்ட எல்லையை என் தாய்க்காகக்கூட மீறவில்லை, அது அரிது என்றார். "ஆனால், நோயாளியின் விபரம் அறைக்குள் இருக்க வேண்டும். இன்று காலை ஷாம்பு வாங்க வந்தவருக்குக்கூட உங்கள் அம்மாவுக்கு நீரிழிவு என்று தெரியும்." கையெழுத்திடவில்லை. இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை கெவின் வந்தான். நாற்காலியை உயர்த்தினான்.

அம்மா கோவிலில் நிலைமையைச் சமாளித்த விதம் தனி. டாக்குத்தருக்கு மகளின் வேலை பிடித்துப்போய், இன்னொரு தரம் பார்க்க ஆசைப்பட்டாராம். சிறிது காலத்துக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நான் தேறினேன். இப்போது நானே புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு செய்தியே இல்லை.

எங்கள் வீட்டில் நிலைத்தது வேறு. போன மாதம் தம்பி தன் காதலியைப் பற்றி வீட்டுக்குச் சொல்லத் தீர்மானித்தபோது நேராக என்னிடம் வந்தான். "அக்கா, உன்னட்ட மட்டும் ரகசியமாச் சொல்லுறன். கோவிலுக்கு அறிவிக்கிற செலவு மிச்சம்." ரீட்டா அன்ரி வீட்டிலும் இதே வழக்கம் வந்துவிட்டதாகக் கேள்வி. கலியாண அழைப்பு அடிக்க முதல் எனக்கு ஒரு சொல் சொன்னால் போதுமாம்.

அம்மா மருந்தை இன்னும் வெம்பிளியில்தான் எடுக்கிறார். என் கடைக்கு மாற்றும்படி கெஞ்சியும் பார்த்தேன். இப்போது நானும் கூடப் போகிறேன். அங்கே இருக்கும் குஜராத்திப் பையன் அம்மாவை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவான், நான் வெளியே பற்பசைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். போன தடவை அம்மா வெளியே வந்ததும், சீனி எவ்வளவு என்றான் என்று கேட்டேன்.

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கைப்பையை மூடினார்.

"அதைக் கேக்க உனக்குச் சட்டத்தில இடமிருக்கோ, பிள்ளை?"