மூன்றாம் மாடியில் நிற்கும் லிஃப்ட்

மதிப்புக்குரிய மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் அக்காவின் முழங்காலும் எங்கள் லிஃப்டும் நீங்கலாக. அந்த இரண்டு தொல்லையும் இல்லாமல் தாங்கள் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

கம்பெனி கம்பெனியாகப் போய் ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் பிரச்சினையை அவர்கள் வாயாலேயே வரவழைப்பது உங்கள் தொழில். போன முறை வந்தபோது, "யாரையும் குத்தம் சொல்லாதீங்க அத்தான். ஏன்னு கேட்டுக்கிட்டே போங்க, வேர் தானா வெளிய வந்துடும்" என்றீர்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நானும் அதைக் கையிலெடுத்தேன். யார் ஏறினாலும் எங்கள் லிஃப்ட் மூன்றாம் மாடியில், அதாவது எங்கள் வீட்டு வாசலில், நின்று கதவைத் திறக்கும். வெளியே ஈ காக்கா இருக்காது. ஏன் என்று தெரியாமல் எனக்கு மண்டை காய்ந்தது. தினமும் மாலை கீழே கூட்டம் போட்டேன். ஏன் நிற்கிறது என்றேன். யாரோ பொத்தானை அமுக்குகிறார்கள் என்றார் தையல்காரர். ஏன் அமுக்குகிறார்கள் என்றேன். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று பல் டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். ஏன் என்னைப் பார்க்கிறீர்கள் என்றேன். அது உங்கள் முறையில் சேராத ஏன் போலிருக்கிறது, கூட்டம் ரெண்டுபட்டது. கடைசியில் லிஃப்டின் மூன்றாம் மாடி இணைப்பையே துண்டித்துவிடுவது என்று, என்னைத் தவிர, ஏகமனதாக முடிவாகிவிட்டது.

அந்த முழங்காலை வைத்துக்கொண்டு உங்கள் அக்கா எப்படி ஏறி இறங்குவாள்? வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அமுக்குனது நான்தான்" என்றாள்.

அமுக்கிவிட்டு உள்ளே வந்து கதவுத் துளை வழியாகப் பார்ப்பாளாம். பழக்கதோஷத்தில் ஏன் என்றேன்.

"நீங்க வர்றீங்களான்னு பாக்கத்தான். ரிடையர் ஆனா வீட்டுல இருப்பீங்கன்னு நெனச்சேன். சங்கம் சங்கம்னு கீழயே இருந்தீங்க, இப்ப லிஃப்ட் ஏன் நிக்குதுன்னு வேற பேசப் போயிடுறீங்க."

அதற்கு மேல் கேட்க என்னிடம் ஏன் இல்லை. வெட்கமாக இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றே பதவியைத் துறந்தேன். லிஃப்ட் நிற்பது நின்றது, துண்டிக்கும் பேச்சும் ஓய்ந்தது. இனி என் மாலைகள் உங்கள் அக்காவோடுதான் என்று உறுதிகூறி, குழந்தைகளுக்கு ஆசிகளுடன் முடிக்கிறேன்.

தங்கள் அத்தான்

பின்குறிப்பு: லிஃப்டைச் சரிசெய்தவன் நான்தான் என்று சங்கம் எப்படியோ கண்டுபிடித்து, என்னைத் தலைவராக்கியிருக்கிறது. தண்ணீர்க் குழாய் ஏன் சத்தம் போடுகிறது என்று விசாரிக்க வேண்டுமாம். எனக்கும் அது தெரிந்தே ஆகவேண்டும். முதல் கூட்டம் இன்று மாலை. உங்கள் அக்கா லிஃப்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறாள்.