தராசில் தொங்கிய தலையணை

தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் எனக்குக் கொழுந்து பறிக்கத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமில்லை. ஆனால் இருபது வயதில், கொழும்பிலிருந்து வந்த விளம்பரக்காரர்களிடம் "பறிக்கத் தெரியுமாவா? பொறந்ததுல இருந்தே பறிக்கிறேன்" என்று சொன்னேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. (பிறந்த குழந்தை எதைப் பறிக்கும் என்று அவர்களும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் சமமான புத்திசாலிகள்.)

எங்கள் தோட்டம் மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிறது. அம்மா பாக்கியம் அங்கே கொழுந்து பறிப்பவர். என்னை மட்டும் மலைப்பக்கம் விடமாட்டார். "நீ படி, அது போதும்" என்பார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தபோது, அட்டனில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருந்த ஓர் அக்கா என்னை உட்காரவைத்து அலங்கரித்துப் படம் எடுத்தார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடல் ஆகப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

"அதுக்கு என்னா வேல?" என்று கேட்டார் அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே.

"நிக்கணும், திரும்பணும், சிரிக்கணும்."

"காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல நாங்களும் வரிசையா நிக்கத்தான் செய்யிறோம். ஒருத்தனும் படம் புடிக்கல."

அந்தச் சமயத்தில்தான் தேயிலைப் பெட்டியில் போடும் படத்துக்கு ஆள் தேடி விளம்பரக்காரர்கள் வந்தார்கள். என் பொய்யை நம்பி என்னையே தேர்ந்தெடுத்தார்கள். அம்மா ஒரு ஒப்பந்தம் போட்டார். "பெட்டியில ஒன் படம் வந்துச்சுன்னா மாடலாப் போ. வரலேன்னா, பேசாம பாலர் பாடசாலையில டீச்சர் வேலைக்குப் போயிரணும். அப்பறம் மூச்சு விடக்கூடாது." நானும் சத்தியம் செய்தேன்.

படப்பிடிப்பு அம்மா பறிக்கும் மலையிலேயே நடந்தது. எனக்குச் சிவப்புச் சேலை, இடுப்பில் சேலை நனையாமல் கட்டும் புத்தம்புதுப் படங்கு, முதுகில் கூடை, உதட்டில் அரை விரல் தடிப்புக்குச் சாயம். பின்னால் அம்மாவும் மற்றப் பெண்களும் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருந்தார்கள். படம் எடுத்த நவ்சாத் அண்ணன், "கூட நெறஞ்சிருக்கணும் தங்கச்சி" என்றார். அரை மணி நேரம் பறித்தேன். கூடையின் அடிகூட மறையவில்லை. அம்மா வந்து எட்டிப்பார்த்தார். எல்லாம் முத்தல் இலை.

"இத ஆட்டுக்குப் போடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி லயத்து வீட்டுக்கு ஓடினேன். என் தலையணையைக் கொண்டுவந்து கூடைக்குள் திணித்து, மேலே இலையைப் பரப்பினேன். அது சாதாரணத் தலையணையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தையல் பாடத்துக்காக இரண்டு கிளி போட்டு, நடுவில் 'இனிய இரவு' என்று நானே தைத்த உறை. கூடை ததும்பியது. நவ்சாத் அண்ணன் "அருமை, அருமை" என்று சொல்லிச் சொல்லி எடுத்தார். பெட்டியில் நான் ஏறிவிட்டேன் என்றே நினைத்தேன்.

நிறுவை நேரம் வந்தது. மலையிலிருந்து இறங்கும் கொழுந்து எதுவானாலும் தராசில் ஏறாமல் போகக்கூடாது. அது தோட்டத்துச் சட்டம். அந்த வாரம்தான் புதுக் கணக்கப்பிள்ளை ஒருவர் வந்திருந்தார். நான் ஒய்யாரமாக நடந்துபோவதைப் பார்த்து, "என்னம்மா, நீ பாட்டுக்குப் போற? கூடையக் கொண்டா" என்றார்.

புத்தியுள்ளவள் என்றால், "நான் மாடலுங்க ஐயா" என்று சொல்லியிருப்பாள். எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. என்னை நிஜத் தொழிலாளி என்றே நம்பிவிட்டாரே. நவ்சாத் அண்ணன் வேறு தூரத்திலிருந்து 'கொடு, கொடு' என்று சைகை காட்டினார். இடுப்பை ஒடித்து, புன்னகையோடு கூடையைக் கொடுத்தேன்.

கூடையைக் கொக்கியில் மாட்டினார். முள் அசைந்தும் அசையாமலும் நின்றது. தராசைத் தட்டினார், கழற்றி மறுபடி மாட்டினார். "நெறஞ்ச கூட, ரெண்டு கிலோகூட இல்லியே?"

பக்கத்தில் நின்ற, அம்மாவோடு கொழுந்து பறிக்கும் செல்லம்மா அக்கா விட்டாரா? "பாத்துக்குங்க ஐயா. இந்தத் தராசு கொறச்சுக் காட்டுதுன்னு எத்தன மாசமாச் சொல்றோம். இப்ப நீங்களே கண்ணால பாத்துட்டீங்க." அவ்வளவுதான், எல்லாரும் கூடையை இறக்கிவைத்தார்கள். தராசை மாற்றாமல் ஒரு இலையும் ஏறாது என்றார்கள். ஐந்தே நிமிடத்தில் நான் ஒரு தொழிலாளர் போராட்டத்தின் தலைவி. அம்மா மட்டும் கூடையை இறக்கவில்லை. காலையில் என் கூடைக்குள் பார்த்தவர் அவர் ஒருவர்தானே. என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கப்பிள்ளை கொழுந்தை அமுக்கிப் பார்க்கக் கையை உள்ளே விட்டார். முகம் மாறியது. மெதுவாக இழுத்தார். இரண்டு கிளியும் 'இனிய இரவு'ம் வெளியே வந்தன.

"இது என்னா ரகம்?" என்று கேட்டார்.

முதலில் சிரித்தது அம்மா. அடையாள அட்டைப் படத்திலிருந்து கல்யாணப் படம் வரைக்கும் எதிலும் பல்லைக் காட்டாத அம்மா, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். நவ்சாத் அண்ணன் மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். (அந்தக் கூத்தில் தராசையும் ஒருதரம் சோதித்தார்கள். நிஜமாகவே குறைத்துத்தான் காட்டியது. மறுவாரம் புதுசு வந்தது. செல்லம்மா அக்கா இன்றைக்கும் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவார்.)

சில மாதம் கழித்துப் பெட்டி வந்தது. அதில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார், பெட்டி முழுக்க. நான் அழுதுகொண்டே பாலர் பாடசாலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். அம்மா பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓரத்துல இருக்கே, இது யாரு கை?"

"என் முழங்கை."

"அப்ப ஒன் படம் வந்திருச்சுல்ல. பேச்சுன்னா பேச்சுதான். அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போடு."

கிழித்துப் போட்டேன். அம்மாவைக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதேன்.

அதற்குப் பிறகு கடைகளுக்காக எத்தனையோ தடவை மணப்பெண்ணாக நின்றுவிட்டேன். (என் சொந்தக் கல்யாணத்தில் நிற்க அலுப்பாக இருந்தது.) வீட்டில் யாராவது பெருமை பீற்றினால், என் கணவர் உட்பட எல்லாரும், "தராசுல போட்டுப் பாரு, உள்ள தலையண இருக்கும்" என்கிறார்கள்.

போன மாதம் அட்டனில் ஒரு நகைக்கடை என் முழு உருவத்தையும் மாடி உயரத்துக்கு மாட்டியது. அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அண்ணாந்து வெகு நேரம் பார்த்தார்.

"பவுடர்ல மூஞ்சி அடையாளமே தெரியல புள்ள" என்றார். "முழங்கையப் பாத்துத்தான் நீன்னு கண்டுபுடிச்சேன்."