முள்வேலிப் பேச்சுவார்த்தை

"வாத்தியாரா? அவுக பேசத்தான் செய்வாக. நாளைக்கு அவுக வீட்டம்மா கண்ணுல படாம வேலியப் போட்ரணும்."

திருச்சுழி பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த சோணைமுத்து யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் வாத்தியாராகிய நான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டியும் துண்டை எடுக்கவில்லை.

அவர் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவே சீமைக்கருவேல முள்வேலி. மழை முடிந்ததும் இற்றுவிடும். முள் வெட்டுகிறவரே வேலி போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முள் குத்துமே என்று ஒவ்வொரு வருடமும் அவருக்கே விட்டுக்கொடுத்தேன். வேலியும் வருடத்துக்கு ஒரு முழம் எங்கள் பக்கம் வந்தது. இன்னும் ஒரு முழம் வந்தால் எங்கள் போர்வெல் அவருடையது. கோடையில் தண்ணீர் வருவது அந்தக் குழாயில் மட்டும்தான்.

நான் பத்தாம் வகுப்புக்கு வெளியுறவுக் கொள்கை நடத்துகிறவன். பேச்சு மட்டும் இருந்தால் எவனும் மதிக்கமாட்டான். படை மட்டும் இருந்தால் தூக்கம் வராது. இரண்டும் சமமாக வேண்டும். பேச்சுக்கு நான் இருந்தேன். படைக்கு மனைவியைத்தான் கேட்கவேண்டும். நாகஜோதிக்குப் பாலவநத்தத்தில் மூன்று அண்ணன்மார். எங்கள் வீட்டு நிலைவாசலில் குனிந்துதான் நுழைவார்கள்.

அண்ணன்மார் அரிவாளோடு எங்கள் பக்கம் சும்மா நிற்கவேண்டும், நான் சோணைமுத்து வாசலில் இனிமையாகப் பேசவேண்டும். இந்தத் திட்டத்தை முழுதாகக் கேட்டுவிட்டு நாகஜோதி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"பேசும்போது திரும்பிப் பாக்காதீக. பாத்தா பயந்த மாதிரி இருக்கும்."

"பயந்துதான இருக்கேன்."

"அது அவருக்குத் தெரியவேணாம்."

விடிந்ததும் வேலியில் இருந்த நடைவழியாக நுழைந்து, வீட்டைச் சுற்றி அவர் முன்வாசலுக்குப் போனேன். சோணைமுத்து கல்லில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. பயம் வந்தால் எனக்குப் பேச்சு நிற்காது. அணிசேராமையில் ஆரம்பித்தேன். பஞ்சசீலத்தில் ஐந்தாவது மறந்துபோனதால் முதலாவதையே மறுபடி சொன்னேன். அவர் வாய் பிளந்தது. கோபமா கொட்டாவியா, தெரியவில்லை. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் ஏறியதும் அவர் எழுந்தார். முள் வெட்டப் போகணும் என்று அரிவாளோடு பின்பக்கம் நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

வேலி போட்டு முடிந்திருந்தது, பழைய எல்லைக்கல்லை ஒட்டி. அந்தப் பக்கம் அண்ணன்மார் மூவரும் அரிவாளோடு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நாகஜோதி, கையில் மோர்ச்செம்பு.

"வருசா வருசம் ஒங்களுக்குத்தான் சிரமம், அண்ணே. இந்தத் தடவ நாங்களே முள்ளு வெட்டிட்டோம். மோரு குடிங்க."

சோணைமுத்து அண்ணன்மாரைப் பார்த்தார். மோரைப் பார்த்தார். வேலிக்கு மேலே கையை நீட்டிச் செம்பை வாங்கினார்.

நான் நடைவழியைத் தேடினேன். அதையும் அடைத்திருந்தார்கள்.

"ஜோதி, நான் எப்படி வாரது?"

"கம்மாய்க்கரையச் சுத்தி வாங்க. நீங்க அவரப் பிடிச்சு வச்சுப் பேசுனதாலதான் வேலை முடிஞ்சது."

சோணைமுத்து அண்ணாந்து குடித்தார். பாதியில் நிறுத்தி, மிச்ச மோரோடு செம்பை என்னிடம் நீட்டினார்.