புது சர்வரில் வந்த பழைய ஆர்டர்

ஓடைப்பட்டி,
12.2.2008

அன்புள்ள தம்பி பலவேசத்துக்கு,

அக்கா சாராள் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அத்தானும் சுகம். பெங்களூரில் நீயும் ஜெபஷீலாவும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் திராட்சைக் கம்பெனி மெயிலைப் புது சர்வருக்கு மாற்ற, நீ போனில் சொன்னபடியே செய்தேன். ஒரு கடிதம்கூடத் தொலையவில்லை. வம்பே அதுதான். பழைய சர்வர் குப்பை என்று ஓரங்கட்டி வைத்திருந்ததெல்லாம் அன்றைய தேதியில், புதிதாக வந்ததுபோல வந்து நின்றது. நான் சாப்பிடப் போன நேரத்தில் முதலாளி பால்பாண்டி என் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறார். திரும்பி வந்தால் வாசலில் லாரி, பன்னீர் திராட்சை ஏறிக்கொண்டிருக்கிறது. "சாராளம்மா, கோட்டயத்து மாத்துக்குட்டி மறுபடி நம்மகிட்ட சரக்கு கேட்டிருக்காக! கோவம் தீந்துபோச்சு போல" என்றார். நம்மை விட்டுப்போன பெரிய வியாபாரி அவர். அந்தச் சந்தோஷத்தில் நானும் எதையும் துருவிப் பார்க்கவில்லை. லாரி குமுளி மலை ஏறிவிட்டது.

மறுநாள் முதலாளி, மெயிலில் இன்னொரு அழைப்பைப் பார்த்து, குத்துவிளக்கோடு உத்தமபாளையத்து உரக்கடைக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனார். அங்கே அந்த வீட்டுக்கு இரண்டாம் தடவை வெள்ளையடித்துக் கொண்டிருக்கிறார்கள். விளக்கோடு அவர் திரும்பி வந்து நிற்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. "எந்தா இது? ஞான் சரக்கு சோதிச்சில்லல்லோ!" மாத்துக்குட்டிதான், தான் சரக்கே கேட்கவில்லையே என்று. நான் அந்த மெயிலைத் துழாவினால், அவர் அனுப்பியது இரண்டு வருஷத்துக்கு முன்னால்.

முதலாளி விளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திராட்சை ஒரு நாள் வெயில் தாங்காது. நான் போனை வாங்கி, "சேட்டா, ரெண்டு வருசத்துக்கு முந்தி நீங்க போட்ட மெயில் இப்பத்தான் எங்க கண்ணுல பட்டுச்சு. பழம் அழுகிறாம எந்த விலைக்காச்சும் வித்துக் குடுங்க" என்றேன். அதற்கு அவர், "பதிலே போடலன்னுதானே நான் கோவிச்சு வேற ஆள்கிட்ட போனேன். மெயில் கிட்டலையா? சரி, பழம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. சந்தை விலைக்கே எடுத்துக்கறேன்" என்றார். முதலாளி அழுதேவிட்டார் தம்பி. விளக்கை எனக்கே கொடுத்துவிட்டார்.

ஆகவே இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. லீவு போட்டு நீ வந்து சரிபார்க்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டில் சமாதானம் தங்கக் கர்த்தரை வேண்டும்,

அக்கா சாராள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகையில் மாத்துக்குட்டி போன் செய்து, காலையில் மெயிலில் போட்ட புது ஆர்டர் என்னாச்சு என்றார். முதலாளியிடம் கேட்டேன். "அதுவும் பழசுன்னு நெனச்சேன்மா. ஒன்னுவிடாம எல்லாத்தையும் அழிச்சுட்டேன். இனி தொந்தரவே இல்ல" என்கிறார், நிம்மதியாக. உடனே புறப்பட்டு வா.