ஆறு தேக்கரண்டி சர்க்கரை

ம்பிட்டா,
செவ்வாய்க்கிழமை, மே மாதம்.

என் அன்பான ரிஸ்பருக்கு,

உன் வீட்டுக்காரன் ஜப்லோன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆடுகள் நான்கும் நலம். கோழிகளை எண்ணவில்லை. அங்கே ஜொஹானஸ்பர்கில் நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? நீ நலமாக இரு, இருமல் நாசமாய்ப் போகட்டும்.

போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "எப்படி இருக்கீங்க?" என்றதும் என் வாய் தானாக "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறது. அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே மீதி நேரம் போய்விடுகிறது. உன் வானொலி நிலைய மேலாளர் நிக்கனோரின் தங்கை புருஷன் வியாழக்கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பத்து மாதப் பயிற்சி முடிந்ததும் இன்னும் ஒரு வருஷம் சுகாதாரச் செய்திப் பிரிவுக்கு ஆசிரியராக அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைப் படித்தால்தான் பதில் நியாயம் என்று உனக்கே தோன்றும்.

போகும்போது உன் மின்னஞ்சலை என்னிடம் ஒப்படைத்து, அறிவியல், சுகாதார, சுற்றுச்சூழல் செய்தியாளர்களுக்கு வருகிற வாய்ப்புகளையெல்லாம் அச்செடுத்து வானொலி நிலையத்துப் பலகையில் ஒட்டச் சொன்னாய் அல்லவா? முதல் நாள் திறந்தால் நாற்பத்து மூன்று வந்து கிடந்தன. முப்பத்தோரு வருஷம் மீன்வளத்துறையில் கரைக்கு வந்த மீனை எடை போட்டவன் நான், இவ்வளவு பெரிய பிடிப்பைப் பார்த்ததே இல்லை. மலேரியா எழுதுகிறவர்களுக்குக் கிகாலியில் ஒரு வாரம். புள்ளிவிவரத்தைச் செய்தியாக்கக் கற்றுத்தர அக்ராவில் இரண்டு வாரம். காட்டைப் பற்றி எழுத உதவித்தொகை, கழிவுநீரைப் பற்றி எழுத உதவித்தொகை, மூத்த செய்தியாளர் ஒருவர் வழிகாட்டியாக இருக்கும் ஆறுமாதத் திட்டம், தென்துருவத்துப் பனியில் நாற்பது நாள் கப்பல். உன் தொழில்காரர்களை எங்கேயாவது அனுப்பிவைக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஆள் உட்கார்ந்து யோசிக்கிறது, ரிஸ்பர். திருப்பி அனுப்ப மட்டும் ஒருவரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

நம் ஏரிக்கரையில், ம்பிட்டாவில் நடப்பது ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், இல்லை. நம் படகு போகிற தூரத்தில்கூட இல்லை. பொறுக்காமல் ஒரு நிறுவனத்துக்கு எழுதினேன்: "ஐயா, நீங்கள் எழுதச் சொல்லும் ஏரி இங்கே இருக்கிறது, கொசு இங்கே இருக்கிறது, வளர்ப்புக் கூண்டில் செத்து மிதக்கும் மீனும் இங்கேதான் இருக்கிறது. பயிற்சியை இங்கே வைத்தால் என்ன?" மறுநாள் பதில் வந்தது: "அன்புள்ள விண்ணப்பதாரரே, தங்கள் கதைக்கருத்து எங்களைக் கவர்ந்தது. இதுவரை வெளியான தங்கள் கட்டுரைகள் மூன்றை அனுப்பவும்." என்னிடம் இருப்பது எடைச் சீட்டுதான். அதை அனுப்பவில்லை. அவ்வளவு புத்தி இருக்கிறது.

ஆனால் பலகையில் ஒழுங்காக ஒட்டினேன். வினை அங்கேதான் வந்தது. நீ இல்லாதபோது உன் சுகாதார நேர நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த லவெண்டா, நான் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து விண்ணப்பித்து, நைரோபியில் ஒரு நாளிதழுக்குப் போய்விட்டாள். சுற்றுச்சூழல் பார்த்த ஒபுயா இரண்டு வாரம் கழித்து அக்ராவுக்குக் கிளம்பிவிட்டான். போன புதன்கிழமை நிக்கனோர் நம் வாசலுக்கு வந்து நின்றார். நிலைய மேலாளருக்குரிய மரியாதையோடு நாற்காலி போட்டேன். அவர் உட்காரவே இல்லை.

"அண்ணே, உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

"ஏம்ப்பா, என்ன ஆச்சு?"

"நீங்க ஒட்டுன காகிதம் என் ஆபீஸையே காலி பண்ணிடுச்சு! இப்ப யாரு இருக்கா தெரியுமா? நானும் வாட்ச்மேனும். அவரும் நேத்து அந்தப் பலகைகிட்ட நின்னு படிச்சுட்டு இருந்தாரு."

"நான் ரிஸ்பர் சொன்னதைத்தானே செஞ்சேன்."

"அப்ப ரிஸ்பர் அக்கா நிகழ்ச்சியையும் நீங்களே செஞ்சிடுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு. பேசவே வேணாம், அக்கா எழுதி வெச்ச தாளைப் படிச்சா போதும்."

படித்தேன், ரிஸ்பர். வியாழக்கிழமை, உன் நாற்காலியில் உட்கார்ந்து. நாற்காலி உன் உயரத்துக்கு வைத்திருந்ததால் என் முழங்கால் மேசையில் இடித்தது. அதை மாற்ற மனம் வரவில்லை. மழை ஆரம்பித்துவிட்டதால் வயிற்றுப்போக்கைப் பற்றிய தாளை எடுத்துக்கொடுத்திருந்தார் நிக்கனோர். உன் கையெழுத்து. 'ர' வருகிற இடமெல்லாம் ஒரு வால் இழுத்து வைப்பாயே, அது. அதைப் பார்த்ததும் கண் கொஞ்சம் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். போட மறந்துவிட்டேன். அப்படியே படித்துவிட்டேன்: "ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை."

மாற்றிப் படித்தது எனக்குத் தெரியவில்லை. அடுத்த வரிக்கே போய்விட்டேன். போன் அடித்தது.

"ஐயா, ருசிங்கா தீவுலேருந்து பென்டா பேசுறேன். யாரைக் கொல்லப் பாக்குறீங்க?"

"என்னம்மா சொல்றே?"

"ஆறு சர்க்கரை, அரை உப்பு! அளவு தலைதட்டி இருக்கணும். ரிஸ்பர் அக்கா ஒம்போது வருஷமாச் சொல்றாங்க. நீங்க சொன்னதைக் குடிச்சா நீர்யானைகூடப் பிழைக்காது!"

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தேன். உடனே திருத்திச் சொன்னேன், மூன்று முறை சொன்னேன். அதற்குள் அடுத்த போன், அதற்கடுத்த போன். பதினேழு பேர் கூப்பிட்டார்கள். படகுக்காரர்கள், ஓமெனாப் பொடிமீன் காயப்போடுகிற பெண்கள், ஒரு பாதிரியார். எல்லோருக்கும் ஆறும் அரையும் மனப்பாடம். சிலர் உன் குரலிலேயே சொல்லிக் காட்டினார்கள், "தலைதட்டி, தலைதட்டி" என்று நீ இரண்டு தரம் சொல்வாயே, அதே மாதிரி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், நீ வியாழக்கிழமை காலையில் எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியும். யாரிடம் போகிறாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனாலும் கூப்பிடாதவர்கள் இருப்பார்களே, யாராவது தவறாகக் கலக்கிக் கொடுத்துவிட்டால்? நிக்கனோர் அரைமணிக்கு ஒருதரம் திருத்தம் ஒலிபரப்பினார். எனக்கு அது போதவில்லை. மீன் ஏலத்துக்கு வைத்திருக்கும் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி, வாடகை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, கரை கரையாகப் போய்க் கத்தினேன். நாலாவது கரையில் பெண்கள் நான் வாயைத் திறக்குமுன்பே "ஆறு சர்க்கரை!" என்று கோரஸ் பாடினார்கள். ஆறாவது கரையில் சேற்றில் வழுக்கி விழுந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுகாதார நிலையத்தில் இரண்டு நாள் போய் விசாரித்தேன். என்னைப் பார்த்ததும் நர்ஸ் அம்மாவே சிரிக்கிறார்கள்.

இதோடு முடிந்ததா? இல்லை. திரும்பிவந்து நிக்கனோரிடம் ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்து புலம்பினேன்.

"நிக்கனோர், அவ இல்லாம முடியலப்பா. உகாலிக் களி கிண்டுனா ஒரு ஆளுக்கு அளவு தெரியல, ரெண்டு ஆளுக்குத்தான் வருது. மிச்சத்தை ஆட்டுக்குப் போடுறேன். சாயங்காலம் படகுத்துறைக்குப் போயிடுறேன், கடைசிப் படகுல யார் யாரு இறங்குறாங்கன்னு பாத்துட்டு வர்றேன். அவ விமானத்துலதான் வருவான்னு தெரியும். இருந்தாலும் போறேன்."

நிக்கனோர் சுவரைப் பார்த்தார். சுவரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திருத்தம் சொல்லத் திறந்த மைக்கை அவர் மூடவில்லை.

ஏரிக்கரை முழுக்கக் கேட்டுவிட்டது, ரிஸ்பர். இப்போது சந்தைக்குப் போக முடியவில்லை. "உகாலி மிச்சம் இருக்கா மாமா?" என்கிறார்கள். மீன்காரிகள் பெரிய மீனாகப் பார்த்துக் கையில் திணிக்கிறார்கள், ஏதோ துக்க வீட்டுக்குக் கொடுப்பதைப் போல. நேற்றுப் படகோட்டி பயணிகளை இறக்கிவிட்டு, துறையில் நின்ற என்னைப் பார்த்து, "இன்னைக்கும் இல்ல அண்ணே" என்றார், நான் கேட்காமலேயே. சிரிக்கத்தான் செய்தேன். வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டேதான் வந்தேன்.

ஆகவே என் பதில் இது. வந்துவிடு. இரண்டாவது வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிடு. இந்த ஏரிக்கு நீ வேண்டும், நிலையத்துக்கு நீ வேண்டும். மூன்றாவதாக யாருக்கு வேண்டும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதைத்தான் வானொலியில் சொல்லிவிட்டேனே.

உன் சக பயிற்சிக்காரர்களுக்கும், உன் இருமலுக்குத் தேன் கொடுத்த அந்த வீட்டுக்கார அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். ஆண்டவர் உன் காலடியில் கல்லும் உன் தொண்டையில் கரகரப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உன்,
ஜப்லோன்

பின்குறிப்பு: புதன்கிழமை. உறையை ஒட்டப் போகும்போது அங்கே உன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நீ சுரங்க ஊர்களில் நுரையீரல் நோயைப் பற்றிச் செய்தி எடுக்கப் போயிருக்கிறாயாம், வெள்ளிவரை போன் கிடைக்காதாம். அந்த ஒரு வருஷ ஆசிரியர் இடத்துக்கு இன்று மதியத்துக்குள் பெயர் கொடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடுமாம். "உங்க பதிலுக்காகக் காத்திருக்கிறதா ரிஸ்பர் சொன்னாங்க, ஐயா. என்ன எழுதட்டும்?" என்றாள். நான் வாயைத் திறந்து, மேலே நாலு பக்கம் எழுதியதைச் சொல்லத்தான் போனேன். "பேரை எழுதிக்கோம்மா, அவ இருப்பா" என்று வந்தது. அந்தச் சுரங்க ஊர்களிலும் யாரோ ஒரு பென்டா மனப்பாடம் பண்ணக் காத்திருப்பாள் என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான். நீ வேண்டாமென்றால் இந்த மாதம் முடியும்வரை மாற்றிக்கொள்ளலாமாம், அதையும் கேட்டுவிட்டேன். மாற்றாதே. ஜூனில் அங்கே குளிர் கடுமையாக இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். உன் நீலக் கம்பளிச்சட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். துவைக்கலாம் என்று எடுத்தேன், துவைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.