தாங்குற சுவரா, தடுக்கிற சுவரா

என் மனைவியைப் பார்த்தே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன். அவள் வெளியூர் எங்கும் போய்விடவில்லை. சமையலறையில்தான் இருந்தாள். நான் ஹாலில் இருந்தேன். நடுவில் ஒரு சுவர்.

எனக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை தெரிவது என் புண்ணியத்தில். ஆனால் கட்டின பெண்டாட்டி மட்டும் என் கண்ணில் படுவதே இல்லை. மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பாத்திரம் உருளுகிற சத்தத்தை வைத்துத்தான் அவள் இருப்பதையே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கல்யாணமான புதிதில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. அடுப்பு, கட்டில், அவள், நான், எல்லாம் ஒரே இடத்தில். அவள் வெங்காயம் நறுக்கினால் எனக்குக் கண்ணீர் வரும். அந்தக் கண்ணீருக்கு இப்போது ஏங்கிக்கொண்டிருந்தேன்.

இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? தலை நரைத்தவன் போய், "உன்னைப் பாக்காம ஒரு மாதிரி இருக்கு" என்றால், காய்ச்சலா என்று கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். அதனால் பழியைக் காற்றோட்டத்தின் மேல் போட்டேன்.

"இந்தச் சுவரை எடுத்துட்டா வீடு நல்லா விசாலமா இருக்கும்."

"சரி."

"காத்து வரும். வெளிச்சம் வரும்."

"அதான் சரின்னுட்டேனே."

ஒரு தலையணை உறை வாங்கவே குறுக்கு விசாரணை நடத்துகிறவள், ஒரு முழுச் சுவருக்கு ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டாள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கொத்தனார் வந்தார். சுவரில் காதை வைத்துத் தட்டினார்.

"சார், இது தாங்குற சுவரா, தடுக்கிற சுவரான்னு மொதல்ல பாக்கணும்."

"இந்த வீட்டுல தாங்குறது நான் ஒருத்திதான்," என்றாள் அவள். "மத்ததெல்லாம் தடுக்கிறதுதான்."

கொத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தைரியமாக இடித்தார்.

தூசி அடங்கியதும் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தேன். எதிரே, எந்த மறைப்பும் இல்லாமல், அவள். நெற்றியில் ஒட்டிய முடியை முழங்கையால் ஒதுக்கினாள். இதைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"சும்மாதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"சும்மா பாக்கறதுக்கு இந்த அடுப்பைப் பாத்துக்கோங்க. இதோ வந்துடறேன்."

பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. அந்த வித்தியாசம் அன்றைக்குத்தான் கரண்டியாக என் கைக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டேன். அதற்கடுத்து காய்கறி, பாத்திரம், மேடை துடைப்பது. சுவர் இருந்தவரை தூங்குகிறவன்போல் கிடந்து தப்பித்திருக்கலாம். ஒருநாள் அதையும் செய்து பார்த்தேன்.

"தூங்கலையே நீங்க," என்றாள் அங்கிருந்தே. "கால் கட்டைவிரல் ஆடுதே."

கொஞ்ச நாளில் சமையல் முழுக்க என் வசம், சோபா முழுக்க அவள் வசம். மறுபடியும் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் சுவர்கூட இல்லை, குறை சொல்ல.

ஒரு சாயங்காலம் எனக்கு மனசு கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சொல்லியே விட்டேன்.

"காத்தும் வேணாம், வெளிச்சமும் வேணாம். உன் முகத்தைப் பாத்துக்கிட்டே, உன்கூட உக்காந்து பேசணும்னுதான் சுவரை இடிச்சேன். பொண்ணு போனதுலேர்ந்து எனக்கு நீ இல்லாம பொழுதே போகல."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கலங்கியிருந்தது அவள் கண்தான்.

"எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லையா?" என்றாள் மெதுவாக. "இத்தனை வருஷமா அந்த அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு தினம் தினம் நெனச்சேன், உங்களை ஒரு நாளாவது கண்ணாரப் பாக்கணும்னு."

கையைத் துடைத்துக்கொண்டு சோபாவைப் பார்த்து நடந்தேன்.

"எங்க வர்றீங்க? அங்கயே நில்லுங்க," என்றாள். "அந்த இடத்துல பாக்கணும்னுதான் ஆசைப்பட்டேன்."