இருபத்துநான்கு லில்லிகள்

கிருபாபாய் பித்தளைத் தட்டின் விளிம்பில் கடைசிப் பூவையும் அச்சால் அடித்து முடித்து, தட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, தாலுகா கச்சேரியிலிருந்து புருஷன் நேசகுமார் வந்தார். வந்தவர் தட்டைப் பார்த்தார். ஒரு செருப்பைக் கழற்றியவருக்கு இன்னொன்று மறந்தே போயிற்று.

"இன்னா கிருபா, மலைக்கு ஏதாச்சும் நேந்துக்கினியா?"

"இன்னா ஒளறீங்க? லில்லிப் பூ அது. மிஸ்ஸம்மா குடுத்த அச்சு."

"நல்லாப் பாரு. வரிசையா நாமம் நிக்கிது."

கிருபாபாய் பார்த்தாள். ஐயோ, ஆமாம்! பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு இதழ், நடுவில் தடித்த ஒற்றை மொட்டு. எட்டு நாளும் தட்டை மடியில் வைத்து, விளிம்பைத் தன் பக்கம் இழுத்து அடித்ததில், ஒவ்வொரு பூவையும் தலைகீழாகவே பார்த்திருக்கிறாள். இப்போது சுவரோரம் மேல்வரிசை நிமிர்ந்து நின்றது. சித்தூரில் பிறந்தவர்கள் எந்தச் சபையானாலும் அந்த வடிவத்தைக் கண்டுகொள்ள மூக்குக்கண்ணாடி வேண்டியதில்லை.

"திருப்பி வெச்சாப் பூவாயிடும்," என்று தட்டை அவசரமாகத் திருப்பினாள்.

கீழே இருந்த பன்னிரண்டும் மேலே வந்து நிமிர்ந்துகொண்டன. வட்டத் தட்டை எத்தனை தடவை திருப்பினால்தான் என்ன?

இந்த வம்பு ஒரு மரப்பெட்டியில் வந்தது. பெண்கள் பள்ளியை நடத்தும் மிஸ்ஸம்மாவுக்கு அவருடைய அக்காள் கப்பலில் அனுப்பிய பெட்டி. அதில் பென்சில் நீளத்தில் பன்னிரண்டு உருக்கு அச்சுகள்: பூ, இலை, நட்சத்திரம், பிறை, புள்ளி. தகட்டின்மேல் நிறுத்திச் சுத்தியலால் ஒரு போடு போட்டால் அந்த வடிவம் பதியும்.

மிஸ்ஸம்மா வேதப்புத்தகத்தில் தமிழ் கற்றவர். "கிருபாபாய், நீர் இதைக் கற்று, அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கைத் தட்டை அலங்கரிப்பீரானால், புதிய கைத்தொழில் வகுப்புக்கு நீரே உபாத்தியாயினியாவீர்," என்றார்.

தையல் வகுப்பில் ஆறு வருஷமாக மற்றவர்களுக்கு ஊசி கோத்துக் கொடுத்து வந்தவள் கிருபாபாய். தனக்கென்று ஒரு வகுப்பு என்றதும் அச்சுப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சபை மூப்பர் ஞானசிங்கு விடுவாரா? "பொம்பளைக்கு எதுக்கு சுத்தியலு? ரேணிகுண்டா ரயில் பட்டறையில என் மச்சான் கீறான். இரும்பையே வளைக்கிறவன். வகுப்ப அவனுக்குக் குடுங்க," என்றார். அதைக் கேட்ட பிறகு கிருபாபாய் பின்வாங்குவாளா என்ன!

முதலில் மண்ணெண்ணெய் டின் தகட்டில் பழகினாள். முதல் போடு கட்டைவிரலில் விழுந்தது. பயந்து அடித்தால் பாதிப் பூ, இன்னொரு தரம் அடித்தால் அச்சு நகர்ந்து ஒரு பூவுக்கு இரண்டு முகம். நிமிர்த்திப் பிடித்து, ஒரே அடி, அதோடு கை எடுத்துவிட வேண்டும் என்பது மூன்றாம் நாள்தான் புரிந்தது. புரிந்ததும் ஆசை அடங்கவில்லை. அச்சைச் சாய்த்து அடித்தால் என்ன வரும்? இரண்டு பிறையை முதுகோடு முதுகாக வைத்தால்? வயிற்றோடு வயிறு வைத்தால் மீன் வந்தது! "இங்க பாருங்க, மீனு!" என்று நேசகுமாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினாள். சோப்புப் பெட்டி, விளக்கு மூடி எதுவும் தப்பவில்லை. நேசகுமார் கச்சேரிக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டு டப்பா மேல் ஏழு மீன் நீந்தியது.

பிறகு, சபைக் கோயிலில் மணியடிக்கும் நாகையா காணிக்கைத் தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான்.

"ஏன் நாகையா, நடுவுல இவ்ளோ தடியா இருந்துக்கினு விளிம்பு மட்டும் அப்பளமாட்டம் கீதே?"

"தேய்ச்சித் தேய்ச்சி அப்பிடி ஆயிடுச்சி டீச்சரம்மா. பாத்து அடி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிருபாபாய் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பள்ளங்கள், சம தூரத்தில். எண்ணினாள், இருபத்துநாலு. யார் செய்தது, எதற்குச் செய்தது என்று அரை நாள் யோசித்தாள். கடைசியில், தான் அளக்கத் தெரியாமல் திண்டாடக் கூடாதென்று ஆண்டவரே அளந்து வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டி, பள்ளத்துக்கு ஒரு லில்லியாக அடித்துவிட்டாள்.

இன்றைக்கு வியாழன். ஞாயிறு பண்டிகை.

"ரெண்டு பக்கமும் ஏதாச்சும் சேத்தாப் பூவுன்னு தெரிஞ்சிடும்," என்று மறுபடி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் இலை, மறுபக்கம் நட்சத்திரம். விளிம்பு மெல்லிசு, இலை பதிகிறபோதே வயிறு உப்பி நுனி சுருண்டது. நட்சத்திரத்தின் முனையெல்லாம் மழுங்கி வட்டமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேசகுமார் தட்டைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சொல்லுங்க. இப்போ பூவாத் தெரியுதா?"

"இப்போ சங்கும் சக்கரமும் சேந்துக்கிச்சி."

"நீங்க வாயத் தொறக்காம இருந்தாவே எனக்குப் பாதி வேலை கொறையும்!"

சனிக்கிழமை காலையில், அழித்துவிடுவது என்றே தீர்மானித்தாள். செங்கல்லைப் பொடித்து, புளியைக் கரைத்து, தேங்காய் நாரால் கை கடுக்க மத்தியானம் வரைக்கும் தேய்த்தாள். பள்ளம் பள்ளமாகவே இருந்தது. சுற்றியிருந்த பித்தளை மட்டும் பளபளவென்று மின்னி, நாமத்தை இன்னும் எடுப்பாகக் காட்டியது. போதாததற்கு, நடுமொட்டின் ஆழத்தில் செங்கல் பொடி போய் உட்கார்ந்து, புளியோடு காய்ந்து, இறுகி, சிவப்புக் கோடாகிவிட்டது.

"செவப்பும் இட்டாச்சா? இனிமே ஒரு கொறையும் இல்ல," என்றார் நேசகுமார்.

தையல் ஊசியால் நோண்டினாள். ஊசி முறிந்தது. கிருபாபாய்க்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். "அந்த வகுப்பு எனக்கு வேணுங்க. ரொம்ப ஆசையா இருந்துச்சி," என்றாள்.

அதைப் பார்த்ததும் நேசகுமாருக்குக் கேலியெல்லாம் போய்விட்டது. "அழாத. உன் கையால பூத்தையல் போட்ட துணி கீதில்ல? அத்த விளிம்பு மறைய விரிச்சிடு. காணிக்கை போடறவங்க விளிம்பையா பாக்கப் போறாங்க?"

நல்ல யோசனைதான். பண்டிகைக்கு வரும் கோழிகளை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முழுக்கக் கரும்பும் பூசணியும் கட்டுக் கட்டாய்க் கீரையும் குவிந்திருந்தன. கீர்த்தனை ஆரம்பித்ததும் மூப்பர் ஞானசிங்கு தட்டை ஏந்தி வரிசை வரிசையாக வந்தார். துணி விளிம்பை ஒழுங்காக மூடியிருந்தது. கிருபாபாய் தட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல் பாடினாள். எட்டாவது வரிசையில், பிச்சாட்டூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா தன் காணிக்கைச் சேவலைத் தூக்கி மூப்பரிடம் நீட்டினாள். கட்டு அவிழ்ந்த சேவல் தட்டின்மேல் குதித்து, துணியைக் காலில் மாட்டிக்கொண்டு, பறந்து பீடத்தண்டை போய் நின்றது.

மூப்பர் தட்டைப் பார்த்தார். அவர் பாட்டு பாதி அடியிலேயே நின்றுவிட்டது.

ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. மிஸ்ஸம்மாவுக்கோ முகமெல்லாம் சந்தோஷம். "எவ்வளவு நேர்த்தியான லில்லிப் புஷ்பங்கள்!" என்றார்.

"புஷ்பமா? மிஸ்ஸம்மா, இது நாமம்! சங்கு சக்கரத்தோட கீது!" என்று மூப்பர் குதித்தார்.

மிஸ்ஸம்மா தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கூடியிருந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் மெல்ல விஷயம் விளங்கிற்று.

"இது எங்க நைனா தன் கையால வாங்கியாந்து கோயிலுக்குக் குடுத்த தட்டு," என்று மூப்பர் மார்பில் தட்டிக்கொண்டார். "அவரு குடுத்தப்போ எப்பிடி இருந்திச்சோ, ஒரு புள்ளி மாறாம அப்பிடியே எனக்கு வேணும். ஆவாதுன்னா இன்னிக்கே ரேணிகுண்டாவுக்குக் கடுதாசி போடுங்க. என் மச்சான் வரட்டும்."

மிஸ்ஸம்மா தட்டைக் கிருபாபாயிடம் நீட்டினார். "மூப்பர் கேட்பது நியாயமே. கிருபாபாய், அவருடைய தகப்பனார் கொடுத்தபோது இருந்த பிரகாரமாகவே இதை ஆக்க உம்மால் கூடுமா?"

கிருபாபாய் நேசகுமாரைப் பார்த்தாள். நேசகுமார் தரையைப் பார்த்தார். சேவலைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த நாகையா, தட்டை வாங்கி விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினான். வாய்க்குள்ளேயே எண்ணினான். எண்ணி முடித்ததும், சேவல் நழுவி ஓடுகிற அளவுக்கு விழுந்து விழுந்து சிரித்தான்.

"இனிமே இன்னா ஆக்கறது மூப்பரே? உங்க நைனா திருப்பதி மாடவீதியில இத்த வாங்கியாந்தப்போ இருந்த இருபத்திநாலு நாமத்தையும் எங்க நைனா மூணு மாசம் குந்திக்கினு தேய்ச்சி எடுத்தாரு. டீச்சரம்மா எட்டே நாள்ல ஒண்ணு பிசகாம அதே எடத்துல திருப்பி வெச்சிடுச்சே!"